மருத்துவப் படிப்புக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

மலேசியாவின் பட்டர்வொர்த் அம்மா ஒருவரின் கவலை இது. மகளுக்கு ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் இயற்பியலும் கூடுதல் கணிதமும் ஏ பிளஸ், உயிரியல் பி. "வீட்டை வைத்தாவது தனியார் மருத்துவத்தில் சேர்" என்கிறார் மாமா. பிள்ளையோ இயற்பியல்தான் என்று நிற்கிறாள்.

பயம் நியாயமானதுதான் அம்மா. ஆனால் அடகு கூடாது. தனியார் மருத்துவத்துக்கு 3 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் போகும். படித்தவுடன் நிரந்தர அரசு வேலை என்பதும் 2016 கடைசியோடு போனது. இப்போது ஒப்பந்தம்தான் முதலில். உயிரியல் ஒட்டாத பிள்ளையை அதில் தள்ளினால், கடனைக் கட்டப்போவது மாமா இல்லை.

அவளுக்குப் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான அரசுப் பள்ளி ஆறாம் படிவம் போதும். மூன்று பருவம், செலவு சொற்பம். இரண்டாம் பருவத்தில் மின்சாரமும் காந்தவியலும் வரும். கணிதம் தளர்ந்தால் அங்கேதான் சறுக்கும். பிறகு அரசுப் பல்கலைக்கழக விண்ணப்ப முறையான யூ.பி.யூ. வழியாகப் பினாங்கு மிண்டனில் உள்ள யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் இயற்பியல். இறுதியாண்டு ஆய்வை மெல்லிய படலம், சிப் செய்ய உதவும் குறைகடத்தி பக்கம் எடுக்கட்டும்.

அந்த வேலை எப்படி இருக்கும்? சிலிக்கன் தகட்டை அசிட்டோனிலும் ஐசோபுரோப்பனாலிலும் அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, நைட்ரஜன் ஊதிக் காயவைத்து, வெற்றிடக் கலத்துக்குள் படலம் படியவைக்க வேண்டும். விரல் பட்ட இடத்தில் படலம் உரிந்துவிடும். கலத்தை அதிக நேரம் திறந்துவைத்தால் பினாங்கின் ஈரக்காற்று உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் மறுபடி இறங்க மணிக்கணக்காகும். கெட்டால் முதலிலிருந்து. அதில் சலிக்காத பிள்ளைக்குத்தான் இந்தத் துறை.

அடுத்தது ஆய்வு வழி முதுகலை. முன்னேற்றம் நன்றாக இருந்தால் அதையே முனைவர் பட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சேருமுன் மேற்பார்வையாளரிடம் மூன்று கேள்வி: ஆய்வு மானியம் இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது? அதிலிருந்து மாணவருக்கு உதவித்தொகை உண்டா? எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் எனும், படலத்தின் அணு அடுக்கைப் பார்க்கும் கருவிக்கு எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும்? மானியம் நடுவில் தீர்ந்தால் உதவித்தொகையும் நிற்கும், ஆய்வும் இழுத்துக்கொண்டே போகும். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

விரிவுரையாளர் இடங்கள் குறைவு, மறைக்கவில்லை. முனைவர் பட்டத்துக்குப் பின் வெளிநாட்டில் சில ஆண்டு ஆய்வுப் பணி செய்துவிட்டு வந்தால்தான் போட்டியில் நிற்க முடியும். கிடைக்காவிட்டாலும் கை வீணாகாது: 1972இல் சிப் நிறுவனமான இண்டெல் வந்த பினாங்கின் பாயான் லெப்பாஸில், சிப் ஏன் பழுதானது என்று தேடுபவர்களுக்கும் இதே கருவிகள்தான்.

இந்த வாரமே பக்கத்து ஆறாம் படிவப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், கணிதம் டி சேர்ந்த பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாப் பள்ளியிலும் அறிவியல் பிரிவு கிடையாது.