கொச்சி முதல் முனம்பம் வரை

கேள்வி: ஜனவரியில் 25 அடி பாய்மரப் படகில் கொச்சியிலிருந்து முனம்பம் போய் அன்றே திரும்ப முடியுங்களா?
– வாசகர், பல்லடம்

பதில்: தாராளமாக. முனம்பம் கொச்சிக்கு வடக்கே உள்ள கடற்கரை ஊர். ஒரு வழிக்குச் சுமார் 15 கடல் மைல்; 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் மூன்று மணி நேரம். விடியலில் கிளம்பினால் கிழக்கேயிருந்து வரும் நிலக்காற்று பக்கவாட்டில் கிடைக்கும். முற்பகலில் அது அடங்கிவிடும், இன்ஜின்தான். மிதக்கும் வலைக்கயிறு புரொப்பல்லரில் சுற்றினால் அதுவும் நின்றுபோகும். முன்னால் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். பிற்பகலில் வடமேற்குக் கடல்காற்று. திரும்பும்போது பின்னாலிருந்து வருவதால் அதன் பலம் தெரியாது. வெண்நுரை கண்டதுமே பெரிய பாயை ஒரு மடிப்பு சுருக்குங்கள். உண்மையான சிக்கல் கொச்சி முகத்துவாரம்: வற்றத்தில் (நீர் இறங்கும் நேரத்தில்) வெளியேறும் நீரோட்டத்தை எதிர்த்துக் காற்று அடித்தால் அலை செங்குத்தாக எழும். ஏற்றத்தில் (நீர் உள்ளே ஏறும் நேரத்தில்) நுழையும்படி, கடல்நீர் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓத அட்டவணை பார்த்து நாளைக் குறியுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே நம் பக்கம் காற்று அடிக்கும் ஆடியில் இந்தப் பேச்சே வேண்டாம்.