தொட்டிலை விட்டு இறங்கிய பாட்காஸ்ட்: பெயரை மாற்றலாமா?

கேள்வி: ஏழு வருடமாகத் தமிழில் ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறேன். மகள் பிறந்த புதிதில் ஆரம்பித்தது. தாய்ப்பால், தூக்கம், தடுப்பூசி என்று கைக்குழந்தை வளர்ப்புதான் அப்போது பேச்சு. பெயரிலேயே ‘தொட்டில்’ இருக்கிறது. மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. பேச்சும் பள்ளிச் சேர்க்கை, வீட்டுப்பாடம், செல்போன் என்று போய்விட்டது. 210 எபிசோட் ஆகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் ஓர் அம்மா, “என் பையன் ஏழாவது படிக்கிறான். உங்களுடையது கைக்குழந்தைக்காரங்களுக்குன்னு நினைச்சுக் கேட்காமலே விட்டுட்டேன்” என்றார். பெயரை மாற்றினால் இருக்கிற நேயர்களும் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: மாற்றுங்கள். கடிதத்தைப் படித்ததும் தோன்றிய பதில் இதுதான், இரண்டு நாள் யோசித்த பிறகும் இதேதான். ஆனால் இதே கேள்வியோடு வருகிற பலரிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதனால் உங்களுக்கு மட்டும் ஏன் சரி என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பயம். நேயரை உங்களோடு இணைத்து வைத்திருப்பது நிகழ்ச்சியின் பெயர் கிடையாது, அதன் ஃபீட் முகவரி. ஃபீட் என்பது உங்கள் எபிசோடுகளின் பட்டியல் இருக்கும் இணையக் கோப்பு. செயலி அந்த முகவரிக்குப் போய்த்தான் புது எபிசோட் வந்திருக்கிறதா என்று பார்க்கிறது. பெயர் என்பது அந்த ஃபீடுக்குள் இருக்கும் ஒரே ஒரு வரி. வாசலில் பெயர்ப்பலகையை மாற்றினாலும் கதவு எண்ணைப் பார்த்துத் தபால்காரர் வந்துவிடுவார் அல்லவா, அந்த மாதிரி. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் உங்கள் நிகழ்ச்சிக்கென்று ஓர் எண் இருக்கிறது. பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. அதனால் நட்சத்திர மதிப்பீடு, ஏழு வருடமாக நேயர்கள் எழுதிய விமர்சனம், எங்கெங்கோ பகிர்ந்த இணைப்பு எல்லாம் அப்படியே இருக்கும். ஸ்பாட்டிஃபையிலும் அப்படித்தான். மாற்றம் பெரும்பாலும் ஒரு நாளைக்குள் எல்லா இடத்திலும் தெரிந்துவிடும்.

செய்யக்கூடாத தப்பு ஒன்று உண்டு: “புதுப் பெயர்தானே, புதிதாகவே ஆரம்பிப்போம்” என்று புது ஃபீட் திறப்பது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு நேயரும் உங்களைத் தேடி வந்து மறுபடி ஃபாலோ செய்ய வேண்டும். வேறு வழியில்லாமல் அப்படிச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஒபாமாவிடம் வேலை பார்த்த சிலர் 2016-இல் ‘தி ரிங்கர்’ நிறுவனத்தில் ‘கீப்பின் இட் 1600’ என்று ஒரு பாட்காஸ்ட் நடத்தினார்கள். 2017 ஜனவரியில் வெளியே வந்து சொந்த நிறுவனம் தொடங்கியபோது ‘பாட் சேவ் அமெரிக்கா’ என்ற பெயரில் புதிதாகத்தான் ஆரம்பித்தார்கள். உங்கள் ஃபீட் உங்கள் கையில் இருக்கிறது. ஹோஸ்டிங் கணக்கு, அதாவது ஒலிக்கோப்புகளையும் ஃபீடையும் வைத்திருக்கும் சேவையின் கணக்கு, உங்கள் மின்னஞ்சலில்தான் இருக்கிறதா என்பதை மட்டும் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். ஆரம்பத்தில் உதவி செய்த தம்பியின் பழைய மின்னஞ்சலில் கணக்கு மாட்டிக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் நஷ்டமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது வேறு இடத்தில். தடுப்பூசி போட வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், பக்கத்தில் இருப்பவரிடம் “தொட்டில்னு ஏதோ வரும், தேடிப் பாரு, நல்லா பேசுவாங்க” என்று சொல்கிறார். பக்கத்தில் இருப்பவர் வீட்டுக்குப் போய்த் தேடுகிறார். அன்றைக்கு அந்தச் சொல் உங்கள் தலைப்பில் இல்லையென்றால் நீங்கள் அகப்படமாட்டீர்கள். ஏழு வருடத்தில் நீங்கள் சம்பாதித்தது இந்த வாய்வழிப் பேச்சுதான். பெயர் மாற்றம் அதில்தான் கை வைக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் அதைத் தொடக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதும் அதனால்தான்.

“பெயர் பழசாகிவிட்டது”, “டவுன்லோட் ஏறவில்லை”, “இன்னும் நவீனமாக இருக்கலாம்” என்பவையெல்லாம் தகுந்த காரணம் ஆகாது. எழுதுவது, பதிவது, வெட்டுவது, விளம்பரப்படுத்துவது என்று நடத்துகிறவர் ஒரு நாளைக்குப் பத்து முறை அந்தப் பெயரைப் பார்க்கிறார். அவருக்குச் சலிக்கத்தான் செய்யும். நேயர் அதை வாரத்துக்கு ஒரு தடவைதான் கேட்கிறார். டவுன்லோட் ஏறாததற்கு முக்கால்வாசி நேரம் எபிசோட் தலைப்போ, ஒலித்தரமோ, ஒழுங்கில்லாத வெளியீடோதான் காரணமாக இருக்கும்.

உங்கள் நிலைமை வேறு. அந்தக் கல்யாணத்து அம்மா சொன்னதைத் திரும்பப் படியுங்கள். அவர் உங்களைக் கேட்டுப் பிடிக்காமல் போனவர் இல்லை. உங்கள் நிகழ்ச்சி அவர் கண்ணில் பட்டிருக்கிறது, பெயரைப் படித்திருக்கிறார், தனக்கானது இல்லை என்று முடிவுசெய்து கடந்து போயிருக்கிறார். இப்போது நீங்கள் பேசுவது அவருக்காகத்தான். இன்னொரு பக்கம், மூன்று மாதக் குழந்தையோடு ‘தொட்டில்’ என்று நம்பி வரும் அம்மாவுக்கு இந்த வாரம் கிடைப்பது ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை. உங்கள் பெயர் வர வேண்டியவரை நிறுத்தி, வந்தவரை ஏமாற்றுகிறது. இரண்டும் சேர்ந்தால் மாற்றித்தான் ஆகவேண்டும். பெயர் பொதுவான ஒரு சொல்லாகவோ உங்கள் சொந்தப் பெயராகவோ இருந்திருந்தால் உள்ளே பேச்சு எவ்வளவு மாறினாலும் தாங்கியிருக்கும். தொட்டிலில் வயது எழுதியிருக்கிறது.

நியூயார்க்கின் டபிள்யூஎன்ஒய்சி வானொலி இதே சிக்கலைச் சந்தித்தது. மனூஷ் ஸோமரோடி நடத்திய ‘நியூ டெக் சிட்டி’ ஒரு நகரத்தின் தொழில்நுட்பச் செய்தியைச் சொல்வதுபோன்ற பெயர். நிகழ்ச்சியோ போனும் இணையமும் நம் மனதை, வீட்டை, குழந்தைகளை என்ன செய்கின்றன என்ற கேள்விக்கு நகர்ந்துவிட்டது. 2015-இல் ‘நோட் டு செல்ஃப்’ என்று மாற்றினார்கள். நிகழ்ச்சி முதலில் மாறியது, பெயர் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டது. அந்த வரிசை முக்கியம். இனிமேல் என்ன பேசப்போகிறோம் என்ற ஆசையை வைத்துப் பெயர் மாற்றுகிறவர்கள் ஒரு வருடத்தில் திரும்பவும் மாற்ற வேண்டி வரும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, இரண்டு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

முடிவெடுக்குமுன் ஒன்று மட்டும் செய்யுங்கள். பத்து நேயர்களிடம் “எங்கள் நிகழ்ச்சியை வீட்டில் என்ன சொல்லிக் குறிப்பிடுவீர்கள்?” என்று கேளுங்கள். பெயர் பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். “அந்த அக்கா பேசுறது” என்று ஐந்து பேர் சொன்னால் உங்கள் குரல்தான் அடையாளம், பயமில்லாமல் மாற்றலாம். பத்தில் எட்டுப் பேர் “தொட்டில்” என்றால் மாற்றத்தை இன்னும் நிதானமாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சரி, புதுப் பெயர். அதில் மறுபடி வயது வேண்டாம். பள்ளி, பரீட்சை, பை எதுவும் வேண்டாம், மகள் கல்லூரிக்குப் போகும்போது இதே கடிதத்தை எழுதுவீர்கள். அப்புறம், சினிமாப் பாட்டு வரியைத் தொடாதீர்கள். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்பாட்டிஃபையில் தேடினால் அந்தப் பாட்டும் அதன் நாலு கவர் வெர்ஷனும் வந்துதான் நீங்கள் வருவீர்கள். நம் நேயர்களில் பலர் ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தமிழைத் தேடுகிறார்கள். பெயரில் ழகரம் இருந்தால் ஒருவர் ஒருவிதமாகத் தட்டுவார், இன்னொருவர் வேறுவிதமாக. எனக்கு ழ மேல் தனிப் பிரியம் உண்டு, இருந்தாலும் பாட்காஸ்ட் பெயரில் வேண்டாம் என்பேன். யோசித்து வைத்திருக்கும் பெயரை ஐந்து பேருக்குப் போனில் சொல்லி, ஆங்கில எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். ஐந்தும் ஒரே மாதிரி வந்தால் நல்ல பெயர். தலைப்பில் தமிழ் எழுத்தோடு ஆங்கில எழுத்திலும் அதையே போடலாம். ஆனால் ‘பெற்றோர், குழந்தை வளர்ப்பு, டிப்ஸ்’ என்று தேடல் சொற்களை வால்போல ஒட்டாதீர்கள். ஆப்பிள் அதை அனுமதிப்பதில்லை, நிகழ்ச்சியையே பட்டியலிலிருந்து எடுத்துவிடவும் கூடும்.

பெயர் முடிவானதும் இந்திய வர்த்தகக் குறிப் பதிவகத்தின் தளத்தில் 41-ஆம் வகுப்பில் தேடிப் பாருங்கள், கட்டணம் கிடையாது. கல்வி, பொழுதுபோக்குச் சேவைகள் அந்த வகுப்பில்தான் வரும். பதிவு செய்ய நினைத்தால் தனிநபர் இணையத்தில் விண்ணப்பிக்க 4,500 ரூபாய். கிடைத்தால் 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

மாற்றும் நாளுக்கு ஜூன் மாதம் பொருத்தம். பள்ளி திறக்கும் நேரம், பெற்றோர் எல்லோரும் உங்கள் விஷயத்தையே பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்று வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு எபிசோட் தொடக்கத்திலும் உங்கள் குரலில் சொல்லுங்கள். அன்றைக்கு இரண்டே நிமிடத்தில் ஒரு தனி எபிசோட், ஏன் மாற்றுகிறேன் என்று. கல்யாணத்து அம்மாவின் கதையையே சொல்லுங்கள், எல்லோருக்கும் புரியும். மூன்று மாதத்துக்குத் தலைப்பில் புதுப் பெயருக்குப் பக்கத்தில் ‘முன்பு தொட்டில்…’ என்று இருக்கட்டும். நிகழ்ச்சி அறிமுகத்தின் முதல் வரியில் பழைய பெயர் நிரந்தரமாக இருக்கட்டும். கவர் படத்தில் எழுத்தை மட்டும் மாற்றி, நிறத்தையும் அமைப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரையைத் தள்ளுகிறவர் பெயரைப் படிப்பதில்லை, அந்த மஞ்சளையோ பச்சையையோதான் தேடுகிறார். படத்தை 3000 பிக்சல் சதுரமாக, புதுக் கோப்புப் பெயரில் ஏற்றுங்கள். பழைய கோப்புப் பெயரிலேயே ஏற்றினால் சில செயலிகள் பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

பழைய 210 எபிசோடையும் தொடாதீர்கள். அவற்றில் பழைய பெயர் ஒலித்துவிட்டுப் போகட்டும். ‘குழந்தை ராத்திரி தூங்கவில்லையா’ என்று தேடும் புது அம்மா எபிசோட் தலைப்பைப் பிடித்துத்தான் வருகிறார், அந்த வழி அடைபடாது. ஃபீட் முகவரியில் பழைய பெயர் இருந்தால் அதையும் அப்படியே விடுங்கள், அது யார் கண்ணுக்கும் தெரியாது.

முக்கியமாக, இந்தச் சாக்கில் ஹோஸ்டிங் நிறுவனத்தையும் மாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நான் தயாரிப்பில் இருந்த ஒரு நிகழ்ச்சியில் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தோம். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஃபீடில் ஓர் அடையாள எண் உண்டு. புது இடத்தில் எல்லாவற்றுக்கும் புது எண் விழுந்துவிட்டது. நேயர்களின் போன்கள் 90 பழைய எபிசோடையும் புதியது என்று நினைத்து இறக்கத் தொடங்கின. அன்று காலை ஏழு மணிக்கு ஒருவர், “அண்ணா, என் டேட்டா முழுக்கத் தீர்ந்துபோச்சு” என்று செய்தி அனுப்பினார். எங்களிடம் சொல்லாமல் ஃபாலோவை எடுத்தவர்கள் எத்தனை பேரோ. ஹோஸ்டிங் மாற்றியே ஆகவேண்டுமென்றால் ஆறு மாதம் கழித்துத் தனியாகச் செய்யுங்கள். பழைய முகவரியிலிருந்து 301 என்னும் நிரந்தரத் திருப்பிவிடுதலைக் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் இன்னும் நீண்ட நாள் வைத்திருங்கள்.

யூடியூபில் சேனல் பெயர் மாற்றம் எளிது. ஆனால் சரிபார்ப்பு டிக் வாங்கியிருந்தால் பெயர் மாறியதும் அது போய்விடும், மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இன்ஸ்டாகிராம், யூடியூப் இரண்டிலும் புதுப் பயனர் பெயர் காலியாக இருக்கிறதா என்பதை அறிவிப்புக்கு முன்பே பார்த்து எடுத்து வையுங்கள்.

பழைய பெயரில் இணையதள முகவரி இருந்தால் வருடாவருடம் பணம் கட்டிப் புதுப்பித்து, புதுத் தளத்துக்குத் திருப்பிவிடுங்கள். ஏதோ ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 2019-இல் ஒரு சித்தி பகிர்ந்த இணைப்பை, போன வாரம் பிரசவமான பெண் ஒருத்தி இன்று ராத்திரி இரண்டு மணிக்குத் தேடி எடுத்துத் தொடுவாள்.