சந்தை விலையும் வீட்டுச் செலவும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எண்ணெய், தானியம், எரிவாயு என்று உலகச் சந்தையில் எது ஏறினாலும் அதன் சூடு கடைசியில் வீட்டுச் செலவில்தான் தெரிகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: கச்சா எண்ணெய் விலை ஏறினால் பெட்ரோல் உடனே ஏறிவிடுகிறது. இறங்கினால் மட்டும் ஏன் இத்தனை நாள் ஆகிறது? எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா?

உங்களுக்கு மட்டுமல்ல. பிரிட்டனின் பெட்ரோல் சந்தையை ஆராய்ந்த ராபர்ட் பேக்கன் என்ற பொருளியலாளர் 1991-லேயே இதை எழுதினார்: ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு. பிறகு வேறு பல நாடுகளிலும் இதே போக்கைக் கண்டார்கள். இதற்குச் சொல்லப்படும் முக்கியமான காரணம் வாங்குபவர்களாகிய நம்மிடமே இருக்கிறது. விலை ஏறும்போது எங்கே மலிவு என்று தேடி அலைகிறோம். கொஞ்சம் இறங்கியதுமே, "சரி, குறைந்துவிட்டதே" என்று தேடுவதை விட்டுவிடுகிறோம். விற்பவருக்கு மேலும் குறைக்க வேண்டிய நெருக்கடி அப்போது இல்லாமல் போகிறது. அதனால் விலை இறங்கும் காலத்தில்தான் நாலு இடம் விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று, நாம் கொடுக்கும் விலையில் கச்சா எண்ணெய் ஒரு பங்குதான். லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையாக விதிக்கப்படும் வரி, சுத்திகரிப்பு, போக்குவரத்து, விற்பனையாளர் கமிஷன் எல்லாம் அதில் இருக்கின்றன. கச்சா எண்ணெய் பாதியானாலும் இவை பாதியாவதில்லை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம், அதாவது மே மாதத்தில் எண்ணெயைப் பெற்றுக்கொள்வதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளும் ஒப்பந்தம், பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. ஆனாலும் எந்த பங்க்கிலும் யாருக்கும் பெட்ரோல் இலவசமாகக் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் காலாவதியாக ஒரு நாள்தான் இருந்தது. கொரோனா ஊரடங்கில் எண்ணெய் விற்காமல் தொட்டிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் எண்ணெயை இறக்கி வைக்க இடமில்லாமல், பணம் கொடுத்து அதைத் தள்ளிவிட்டார்கள். செய்தியில் ஒரு விலையைப் பார்த்ததும் அது எதனுடைய விலை, எந்த மாதத்துக்கான விலை என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: கோதுமை விலை பாதியாகக் குறைந்தால் ரொட்டி விலையும் பாதியாகுமா?

ஆகாது. கடையில் விற்கும் ரொட்டியின் விலையில் கோதுமைக்குப் போவது சிறு பங்குதான். மாவு அரைப்பது, அடுப்புக்கான எரிபொருள், கூலி, உறை, லாரி, கடை வாடகை ஆகியவைதான் மிச்சம். ஆனால் கோதுமையையோ மாவையோ நேரடியாக வாங்கி வீட்டில் சமைப்பவருக்குக் கணக்கு வேறு. அவர் கொடுக்கும் காசில் பெரும்பங்கு தானியத்துக்கே போகிறது, ஆகவே தானிய விலை ஏறினால் அந்த ஏற்றம் கிட்டத்தட்ட முழுதாக அவர் மேல் விழுகிறது. இது எனக்கு மிகவும் உறுத்தும் விஷயம். பதப்படுத்திய உணவை வாங்கும் வசதி உள்ளவருக்கு விலையேற்றம் நீர்த்துப்போய் வருகிறது, பச்சைத் தானியம் வாங்கும் ஏழைக்கு அப்படியே வருகிறது. போதாக்குறைக்கு, வருமானம் குறைவாக இருக்கும் வீட்டில் உணவுக்குப் போகும் பங்கும் அதிகம். ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-ல் கண்டது இது, இன்றும் மாறவில்லை.

2022 மார்ச்சில் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு வெளியிடும் உணவு விலைக் குறியீடு ஏறக்குறைய 160-ஐத் தொட்டது. 2014 முதல் 2016 வரையிலான சராசரியை 100 என்று வைத்து அளப்பது அது. உலகக் கோதுமை ஏற்றுமதியில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வைத்திருந்த ரஷ்யாவும் உக்ரைனும் போரில் இறங்கிய நேரம். ஒரே குறியீடுதான், ஆனால் அது எல்லா வீட்டுச் சமையலறையிலும் ஒரே மாதிரி இறங்கவில்லை.

கேள்வி: விலை ஏறப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே மொத்தமாக வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்தானே? என் மாமியார் அப்படித்தான் செய்வார்.

உங்கள் மாமியாரின் பழக்கத்தில் நல்லதும் இருக்கிறது. கெடாத பொருள், வீட்டில் எப்படியும் தீரும் பொருள், அறுவடை முடிந்து விலை இறங்கியிருக்கும் நேரம், கையில் ரொக்கம். இவை நான்கும் சேர்ந்தால் தாராளமாக வாங்கலாம். கடன் அட்டையில் வாங்கி, தவணைக்குள் பணம் கட்ட முடியாமல் வட்டி கொடுத்தால் மிச்சப்பட்டதெல்லாம் வட்டிக்கே போய்விடும். வண்டும் ஈரமும் தின்பதையும் கணக்கில் சேருங்கள்.

பயந்து வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். 2008-ல் அரிசிக்கு நடந்தது அதுதான். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் டன்னுக்கு 400 டாலருக்குக் கீழே இருந்த தாய்லாந்து அரிசி, மே மாதத்துக்குள் 1,000 டாலரை எட்டியது. உலக அளவில் விளைச்சல் ஒன்றும் பொய்த்துவிடவில்லை. கோதுமை, எண்ணெய் விலைகள் ஏறுவதைப் பார்த்து இந்தியாவும் வியட்நாமும் அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. பெரிய இறக்குமதியாளரான பிலிப்பைன்ஸ் எந்த விலைக்கும் வாங்கத் தயாராக நின்றது. வியாபாரிகள் விற்காமல் பிடித்து வைத்தார்கள், வீடுகள் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு மூட்டை கூடுதலாக வாங்கின. ஒரு வீட்டின் கூடுதல் மூட்டை ஒன்றுமே இல்லை, லட்சக்கணக்கான வீடுகள் ஒரே வாரத்தில் வாங்கினால் அதுவே தட்டுப்பாடு. பிறகு ஜப்பான் தன் கிடங்கில் கிடந்த அரிசியை வெளியே விடக்கூடும் என்ற செய்தி வந்ததுமே விலை இறங்கத் தொடங்கியது. உச்ச விலையில் வாங்கி அடுக்கியவர்கள் அந்த விலை அரிசியைத்தான் மாதக்கணக்கில் சாப்பிட்டார்கள்.

கேள்வி: பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். என் செலவு குறையவே இல்லையே!

குறைந்தது ஏறும் வேகம்தான், விலை அல்ல. 100-க்கு விற்ற பொருள் ஓர் ஆண்டில் 110 ஆனால் பணவீக்கம் 10 சதவீதம். அடுத்த ஆண்டு 113 ஆனால் பணவீக்கம் 3 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது என்பார்கள். நீங்கள் கொடுப்பது 113.

கேள்வி: இயற்கை எரிவாயு விலை ஏறினால் காய்கறியும் தானியமும் ஏன் ஏறுகின்றன? சமையல் எரிவாயு ஏறுவது புரிகிறது.

உரம்தான் காரணம். காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கும் ஹேபர்-பாஷ் முறையில்தான் யூரியா போன்ற உரங்கள் பிறக்கின்றன. அந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தே எடுக்கப்படுகிறது, ஆலையை ஓட்டும் சூட்டுக்கும் அதே எரிவாயு. இன்றைய உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உணவு செயற்கை நைட்ரஜன் உரத்தை நம்பியிருக்கிறது. 2021, 2022-ல் எரிவாயு விலை எகிறியபோது ஐரோப்பாவில் பல உர ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன, சில நிறுத்தியே விட்டன. உரம் விலை கூடினால் விவசாயி குறைவாகப் போடுவார், அல்லது கடன் வாங்கிப் போடுவார். இரண்டின் விளைவும் அடுத்த அறுவடையில்தான் தெரியும். எரிவாயு விலைச் செய்தியை எல்லோரும் மறந்த பிறகு காய்கறி விலை ஏறுவது இதனால்தான்.

கேள்வி: நான் வழக்கமாக வாங்கும் பொருளின் விலை மாறவே இல்லை. ஆனால் மாதக் கடைசிக்குள் தீர்ந்துவிடுகிறது. எங்கே தப்பு?

பொட்டலத்தின் பின்பக்கம் நிகர எடையைப் பாருங்கள். அதே நிறம், அதே உயரம், ஆனால் 500 கிராம் இருந்த இடத்தில் 450 கிராம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். 50 கிராம்தானே என்று தோன்றும். கிராமுக்கு நீங்கள் கொடுப்பது 11 சதவீதம் கூடிவிட்டது. நேரடியாக 11 சதவீதம் ஏற்றியிருந்தால் வேறு பிராண்டுக்குப் போயிருப்பீர்கள். சட்டப்படி எடை அச்சிடப்பட்டிருந்தாலும் இதை நேர்மையான வியாபாரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 100 கிராமுக்கு என்ன விலை என்று கைபேசியில் வகுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையும் அப்போது சில நேரம் உடையும்.

கேள்வி: ஓய்வூதியத்தில் வாழ்கிறோம். வருமானம் ஏறவில்லை. எதைக் குறைப்பது என்றே தெரியவில்லை.

முதலில் எதையும் குறைக்காதீர்கள், ஐயா. ஒரு மாதம் எழுதுங்கள். செலவான தொகையை மட்டும் எழுதாமல் அளவையும் விலையையும் தனித்தனியாக எழுதுங்கள்: எத்தனை கிலோ, கிலோ என்ன விலை. பழைய ரசீதுகள் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு பொருளுக்கான செலவு 20 சதவீதம் கூடியிருந்தால், அதில் விலையேற்றம் 8 சதவீதமும் அளவு கூடியது 11 சதவீதமுமாக இருக்கலாம். விலையேற்றம் உங்கள் கையில் இல்லை, அளவு உங்கள் கையில் இருக்கிறது. செலவில் முதல் மூன்று இடங்களில் இருப்பவற்றை மட்டும் கவனியுங்கள். பெரும்பாலான வீடுகளில் அவை வாடகை அல்லது வீட்டுக்கடன், உணவு, எரிபொருளும் மின்சாரமும். சின்னச் சின்னச் சந்தோஷங்களை வெட்டி மிச்சம் பிடிக்கப் பார்ப்பது மனதை வாட்டும், தொகையோ அதிகம் வராது. மருந்தையும் சத்தான உணவையும் மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அங்கே மிச்சம் பிடித்தது பின்னால் மருத்துவமனைச் செலவாகத் திரும்பி வரும்.

கேள்வி: உலகச் சந்தையில் விலை அப்படியே இருக்கிறது என்று செய்தி வருகிறது, ஆனால் இங்கே ஏறுகிறது. யாராவது ஏமாற்றுகிறார்களா?

அப்படியும் இருக்கலாம், ஆனால் முதலில் டாலரைப் பாருங்கள். கச்சா எண்ணெய், கோதுமை, செம்பு என்று பெரும்பாலானவை உலகச் சந்தையில் டாலரில்தான் விலை பேசப்படுகின்றன. டாலரில் விலை அசையாமல் இருந்தாலும் உங்கள் நாட்டு நாணயத்தின் மதிப்பு 10 சதவீதம் சரிந்தால், இறக்குமதிக்கு 11 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 2022 ஜூலையில் யூரோவே ஏறக்குறைய 20 ஆண்டுகளில் முதல் முறையாக டாலருக்குச் சமமாக இறங்கியது, வலிமையான நாணயம் உள்ள நாடுகளுக்கும் அந்த ஆண்டு எரிபொருள் இரட்டை அடியாக விழுந்தது. இதோடு கப்பல் வாடகையும் சேரும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது பலவும் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பயணம் ஒரு வாரத்துக்கும் மேல் நீண்டது. இந்த இரண்டையும் கழித்த பிறகும் விலை பொருந்தவில்லை என்றால், அப்போது உங்கள் சந்தேகத்தோடு நுகர்வோர் அமைப்பிடம் போங்கள். தேதியோடு ரசீதுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.