கேளுங்கள், பேசுவோம்: இந்த முறை தெருக்காரர்களின் யோசனைகள்

போன இதழில் ஒரே ஒரு கேள்வி போட்டிருந்தேன். இந்த பிரிட்டனில் உங்களை எது உறுத்துகிறது, அதைச் சரிசெய்ய உங்கள் யோசனை என்ன? புகார் மூட்டை மூட்டையாக வந்தது, யோசனை கைப்பிடி அளவுதான் தேறியது. பரவாயில்லை, கைப்பிடியை வைத்தே சமைப்போம்.

கவுன்சில் வரி கட்டுகிறோம், எம்.பி. இருக்கிறார், மந்திரி இருக்கிறார். அப்புறம் சாதாரண ஆள் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? அப்படி ஒருத்தர் யோசித்து ஏதாவது உருப்பட்டிருக்கிறதா?
*எஸ்.கே., ஈஸ்ட்ஹாம்*

உருப்பட்டிருக்கிறது, நீங்களே அதைப் பயன்படுத்தியிருப்பீர்கள். ஜி.பி.யிடம் போகும்போது நமக்கு ஆங்கிலம் தடுமாறினால் டாக்டர் ஒரு நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைக்கிறார், "தமிழ்" என்கிறார், கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஒரு குரல் "வணக்கம்மா, டாக்டர் என்ன கேட்கிறாங்கன்னா" என்று ஆரம்பிக்கிறது இல்லையா, அந்த ஏற்பாட்டுக்கு இங்கே வழிபோட்டது 1990ல் மைக்கேல் யங் என்பவர் தொடங்கிய லேங்வேஜ் லைன். கிழக்கு லண்டனில் வங்காளதேசத்திலிருந்து வந்த நோயாளிகள் டாக்டரிடம் வாய் திறக்க முடியாமல் தவித்ததுதான் காரணம். அதற்கு முன்னால் யார் மொழிபெயர்த்தார்கள் என்கிறீர்கள்? பள்ளிக்கு லீவு போட்ட பத்து வயதுப் பிள்ளை. அம்மாவின் உதிரப்போக்கைப் பற்றி மகன் டாக்டரிடம் சொல்ல வேண்டும், இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு. நானும் வந்த புதிதில் பக்கத்து வீட்டு மாமாவுக்குத் துணையாகப் போய், குடலிறக்கத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று தெரியாமல் "இவர் குடல் கீழே விழுந்துவிட்டது" என்று சொல்லிவைத்தேன். அந்த டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

யங்கைச் சாதாரண ஆள் என்று சொன்னால் நீங்கள் சண்டைக்கு வருவீர்கள், நியாயம்தான். 1945 தேர்தலில் லேபர் கட்சி அறிக்கையை எழுதியவர், பிற்பாடு பிரபு பட்டமும் வாங்கியவர். ஆனால் அவர் வேலையை ஆரம்பித்த விதம் எனக்குப் பிடிக்கும். வாங்கும் சாமான் உருப்படியானதா என்று சொல்ல யாருமில்லையே என்று 1957ல் பெத்னல் கிரீனில் ஒரு கராஜில் உட்கார்ந்து நுகர்வோர் சங்கத்தைத் தொடங்கினார். வேலைக்குப் போகிறவர்களும் வீட்டிலிருந்தே படிக்க ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று எழுதினார், அரசு ஓபன் யுனிவர்சிட்டியை அமைத்தது.

பெயரும் பட்டமும் இல்லாத ஆள்தான் வேண்டும் என்றால் நிக்கலஸ் ஆல்பரி இருக்கிறார். 1977ல் மேற்கு லண்டன் ஃப்ரெஸ்டன் ரோட்டில், ஆளில்லாமல் கிடந்த பாழடைந்த வீடுகளில் அனுமதியில்லாமல் குடியேறியிருந்த ஒரு கூட்டத்தில் அவரும் ஒருவர். இடத்தைக் காலி செய்து இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அக்டோபர் 31 அன்று பிரிட்டனிலிருந்து பிரிந்துவிட்டோம், எங்கள் நாட்டின் பெயர் ஃப்ரெஸ்டோனியா என்று அறிவித்து, ஐ.நா.வுக்கே விண்ணப்பம் அனுப்பிவிட்டார்கள். தபால்தலை வேறு. எல்லோரும் பிராம்லி என்று ஒரே குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள், ஒரே குடும்பம் என்றால் ஒரே இடத்தில்தானே வீடு கொடுத்தாக வேண்டும் என்ற கணக்கு! பத்திரிகைகள் மொய்த்தன. கடைசியில் பேச்சுவார்த்தை நடந்து, வீட்டுவசதிக் கூட்டுறவு ஒன்று அமைந்து, அந்த இடத்திலேயே புது வீடுகள் எழுந்தன. நம் ஊரில் இதைச் செய்திருந்தால் தேசத்துரோக வழக்கு பாய்ந்திருக்கும்.

அதே ஆல்பரிதான் 1985ல் சமூகக் கண்டுபிடிப்புகளுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். மெஷின் கண்டுபிடித்தால் காப்புரிமை கொடுக்கிறீர்கள், மனிதர்கள் சேர்ந்து வாழ ஒரு நல்ல வழியைக் கண்டுபிடித்தவனுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதுதான் அதற்குப் பின்னால் இருந்த கேள்வி. யார் வேண்டுமானாலும் யோசனை அனுப்பலாம், நல்லதற்குப் பரிசு. வந்தவற்றில் பாதி கிறுக்குத்தனம்தான், நான் படித்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் அதே ஆல்பரி 1991ல் தொடங்கிய இயற்கை மரண மையத்தைக் கிறுக்கு என்று யாரும் சொல்ல முடியாது. ஈமச்சடங்குக் கம்பெனியிடம் ஆயிரக்கணக்கில் அழாமல் குடும்பமே எப்படி அடக்கம் செய்யலாம், அட்டைப் பெட்டிச் சவப்பெட்டி போதுமா, சட்டம் எதை அனுமதிக்கிறது என்றெல்லாம் சொல்லித்தருகிற இடம். 2001ல் கார் விபத்தில் ஆல்பரி போய்விட்டார், மையம் ஓடிக்கொண்டிருக்கிறது.

சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கும் ஃபுட் பேங்க் பெட்டியில் வாரா வாரம் இரண்டு டின் போடுகிறேன். என் மகன் "இதனால் அரசாங்கம்தான் தப்பித்துக்கொள்கிறது" என்கிறான். நான் செய்வது தப்பா?
*பெயர் வேண்டாம் என்ற வாசகி, குராய்டன்*

அம்மா, டின் போடுவதை நிறுத்தாதீர்கள். மகன் சொல்வதும் தப்பில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருப்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

ட்ரஸ்ஸல் என்ற அமைப்பின் முதல் ஃபுட் பேங்க் 2000ல் சால்ஸ்பரியில், ஒரு தம்பதியின் வீட்டு ஷெட்டிலும் கராஜிலும் தொடங்கியது. அதுவரை அவர்கள் பல்கேரியாவில் தெருப்பிள்ளைகளுக்கு உதவிக்கொண்டிருந்தவர்கள். உள்ளூர்த் தாய் ஒருத்தி போன் செய்து, என் பிள்ளைகள் இன்று ராத்திரி பட்டினியாகப் படுக்கப்போகிறார்கள், அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாளாம். அந்த ஷெட் எங்கே போய் நின்றது பாருங்கள், 2023-24ல் அந்த ஒரு அமைப்பின் வலைப்பின்னல் மட்டும் 31 லட்சம் பொட்டலங்களுக்கு மேல் கொடுத்தது. ஒரு யோசனை இவ்வளவு வளர்ந்தால் கைதட்டுவோம். இதற்குக் கைதட்ட எனக்கு மனம் வரவில்லை.

நான் ஒரு சர்ச் ஹாலில் சில மாதம் சனிக்கிழமைகளில் சாமான் பிரித்து அடுக்கியிருக்கிறேன். அங்கே போன முதல் நாள் "கெட்டில் பாக்ஸ்" என்று ஒன்றைத் தனியாகக் கட்டச் சொன்னார்கள். எனக்குப் புரியவில்லை. அடுப்பு இல்லாதவர்களுக்கு, அல்லது அடுப்பு இருந்தும் மீட்டரில் காசு போட முடியாதவர்களுக்கு, வெந்நீர் ஊற்றினால் தயாராகிவிடும் சாமான் மட்டும். பாக்கெட் சூப், நூடுல்ஸ், உடனடி ஓட்ஸ். கெட்டிலுக்கும் கரண்ட் இல்லாதவர்களுக்கு அப்படியே திறந்து சாப்பிடுகிற மாதிரி இன்னொரு பெட்டி. ஒரு நாட்டின் வறுமைக்கு இத்தனை நுணுக்கமான வகைப்பாடு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. கூட வேலை செய்த அக்கா ஒருத்தர், டின் திறப்பான் இல்லாதவர்களும் வருவார்கள், அதனால் வளையம் வைத்த டின்னாகப் பார்த்துப் போடு என்றார். நீங்களும் அப்படியே போடுங்கள். பீன்ஸ் டின்னே போடாதீர்கள், அங்கே மலையாகக் கிடக்கும். அதில் வெங்காயம், கடுகு, கறிவேப்பிலை தாளித்துப் போட்டால் நன்றாகவே இருக்கும் என்று நம் பெரியவர் ஒருவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது வேறு கதை.

மகனிடம் இதைச் சொல்லுங்கள். வேலையில்லாதவர்களுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் அரசு தரும் உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தால் முதல் பணம் கைக்கு வரவே ஐந்து வாரம். நடுவில் முன்பணம் வாங்கலாம், ஆனால் அது கடன், பின்னால் மாதா மாதம் பிடித்துக்கொள்வார்கள். இந்த ஐந்து வாரத்தை எந்தச் சர்ச் ஹாலும் மாற்ற முடியாது, பாராளுமன்றம்தான் மாற்ற முடியும். ஆகவே அவன் கோபப்படட்டும், எம்.பி.க்குக் கடிதம் எழுதட்டும், நீங்கள் டின் போடுங்கள். ஒரே வீட்டில் இரண்டு வேலையும் நடக்கலாம்.

ஆன்லைன் மனுவில் கையெழுத்துப் போட்டால் ஏதாவது நடக்குமா?
*வி.ஆர்., லெஸ்டர்*

பாராளுமன்றத்தின் மனுத் தளத்தில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் சொல்லும், 1,00,000 தாண்டினால் விவாதத்துக்கு எடுக்கலாமா என்று பார்ப்பார்கள். பதில் பெரும்பாலும் "உங்கள் அக்கறைக்கு நன்றி" ரகம்தான்.

ஆனால் மனு இரண்டு பக்கமும் வெட்டும். வாரிங்டன் பக்கத்து ஆள் ஒருவர், ராட் கிங் என்று பெயர், ஜெர்மனியில் ஹில்டன் என்ற ஊரைப் பார்த்துவிட்டு வந்து, வீடுகள் இருக்கும் தெருவில் வண்டிக்கு 20 மைல் வேகம் போதும் என்று 2007ல் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். கவுன்சில் கவுன்சிலாகப் பேசிப் பேசிப் பரப்பினார்கள். 2023 செப்டம்பரில் வேல்ஸ் நாடே அதைச் சட்டமாக்கியது. உடனே எதிர்ப்பு மனுவில் கிட்டத்தட்ட 4,70,000 கையெழுத்து, முப்பது லட்சம் பேர்தான் வசிக்கும் நாட்டில்! அரசு கொஞ்சம் இறங்கிவந்து, சில ரோடுகளை மறுபடி 30 ஆக்கலாம் என்றது. நடுவில் வந்த கணக்கில் விபத்தில் அடிபட்டவர்கள் எண்ணிக்கை என்னவோ குறைந்துதான் இருந்தது. நான் 20 கட்சி. என் வீட்டுக்காரர் 30 கட்சி.

ஹரோவில தனிய இருக்கிறன். பிள்ளையள் கனடாவில. ஒரு நாள் முழுக்க ஒருத்தரோடயும் கதைக்காமல் போற நாளும் இருக்கு. இதுக்கெல்லாம் ஒரு யோசனை ஆரும் வைச்சிருக்கினமோ?
*72 வயது வாசகி*

அம்மா, வைத்திருக்கிறார்கள். தனிமைக்கென்று இந்த நாட்டில் 2018ல் ஒரு மந்திரியையே போட்டார்கள், கொல்லப்பட்ட எம்.பி. ஜோ காக்ஸ் தொடங்கிவைத்த வேலையின் தொடர்ச்சியாக. மந்திரி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது 2019ல் கார்டிஃபில் ஒரு பெண்மணி செய்த காரியம். பார்க்கில் ஒரு முதியவர் வெகுநேரம் தனியாக உட்கார்ந்திருக்க, எல்லோரும் அவரைக் கடந்து போவதைப் பார்த்தார். தானும் பேச நினைத்தார், தவறாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று கூச்சம். அப்புறம் பெஞ்சுகளில் ஓர் அட்டையைக் கட்டினார்: யாராவது நின்று ஹலோ சொன்னால் பரவாயில்லை என்றால் இங்கே உட்காருங்கள். அவ்வளவுதான். ஓர் அட்டை, கொஞ்சம் கயிறு. பல ஊர்களுக்குப் பரவிவிட்டது.

வெள்ளைக்காரருக்கு அட்டை வேண்டும். நமக்கு "நீங்கள் எந்த ஊர்?" போதும், அரை மணி நேரத்தில் சொந்தம் கண்டுபிடித்துவிடுவோம். உங்கள் பக்கத்தில் தமிழ் முதியோர் சந்திப்பு எங்கே எப்போது நடக்கிறது என்று விசாரித்துத் தனியாக எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் நம்பர் இருக்கிறது, ஞாயிறு மாலை போன் அடித்தால் எடுங்கள், நான்தான்.

எங்கள் குடியிருப்பில் ஒரு மண்திட்டு சும்மா கிடக்கிறது. கீரை போடலாம் என்று கவுன்சிலைக் கேட்டு ஏழு மாதம், பதிலே இல்லை.
*டி.எம்., மில்டன் கீன்ஸ்*

கேட்டதுதான் தப்பு என்று டாட்மார்டன்காரர்கள் சொல்லியிருப்பார்கள். மேற்கு யார்க்‌ஷரில் சின்ன ஊர். 2008ல் சில பெண்கள் ஒரு சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசி, யாரிடமும் அனுமதி கேட்காமல் பொது இடங்களில் காய்கறி நட ஆரம்பித்தார்கள். போலீஸ் ஸ்டேஷன் முன்னால் மக்காச்சோளம், ரயில் பிளாட்பாரத்தில் மூலிகை. யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம். திருடுவார்களே என்று கேட்கிறீர்களா, திருடத்தான் நட்டதே. அந்தக் கூட்டத்தின் பாம் வார்ஹர்ஸ்ட் முன்பு கவுன்சில் தலைவராக இருந்தவர் என்பதால் கவுன்சில் எவ்வளவு மெதுவாக நகரும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்! அப்புறம் கவுன்சிலே வழிக்கு வந்தது.

ஒன்று மட்டும் பாருங்கள். அங்கே முன்னால் ஒர்க்‌ஷாப், பெட்ரோல் பங்க் ஏதாவது இருந்ததா என்று விசாரியுங்கள், இருந்தால் அந்த மண்ணில் போடாமல் பெட்டியில் புது மண் கொட்டிப் போடுங்கள். வெந்தயக்கீரை சீக்கிரம் வரும். கொத்தமல்லி வெயிலில் பூத்துவிடும்.

எனக்கு 16 வயசு. ஸ்கூல்ல ஒரு விஷயத்தை மாத்தணும்னு நினைக்கிறேன். சின்னப் பொண்ணு சொன்னா கேப்பாங்களா?
*வாசகி, நியூ மால்டன்*

என்ன விஷயம் என்று எழுதவில்லையேம்மா. அமிக்கா ஜார்ஜ் என்று தேடிப் பார். வடக்கு லண்டனில் படித்துக்கொண்டிருந்த, கேரள வம்சாவளிப் பெண். நாப்கின் வாங்கக் காசில்லாமல் பிள்ளைகள் பள்ளிக்கு லீவு போடுகிறார்கள் என்று படித்துவிட்டு, 2017ல், உன்னைவிட ஒரு வயது கூடுதலாக இருக்கும்போது, தன் வீட்டு அறையில் இருந்தபடி இயக்கம் தொடங்கினாள். அந்த டிசம்பரில் பிரதமர் வீட்டுத் தெருவுக்கு எதிரே சிவப்பு உடுத்திக்கொண்டு பெரிய கூட்டம் நின்றது. 2020 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் அவை இலவசம். ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி மேலே போய், தேவைப்படும் யாருக்கும் இலவசம் என்று சட்டமே போட்டது, 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கும் வந்தது. நம் வீடுகளில் கறுப்புப் பையில் சுற்றி ஒளித்துவைக்கும் சாமானைப் பற்றி ஒரு பள்ளிப் பிள்ளை பிரதமர் காதில் விழும்படி பேசியிருக்கிறாள். உன் விஷயத்தை அடுத்த கடிதத்தில் எழுது.

எங்கள் தெரு முனையில் எப்போதும் ஒரு பழைய மெத்தை கிடக்கிறது. எடுத்தால் மறுவாரம் வேறொன்று. என் யோசனை: மாதம் ஒருமுறை தெருவில் ஒரு ஸ்கிப் (வேண்டாத சாமான் போடும் பெரிய இரும்புத் தொட்டி) வைத்தால் என்ன?
*ஏ.ஆர்., இல்ஃபர்ட்*

வந்த கடிதங்களில் முழு யோசனையோடு வந்தது இது ஒன்றுதான், அதனால் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். லண்டனில் சில கவுன்சில்கள் ஏற்கனவே இப்படி ஸ்கிப் நாள் வைக்கின்றன, ஆகவே உங்கள் கவுன்சிலரிடம் "மற்ற இடத்தில் நடக்கிறது" என்று ஆரம்பியுங்கள். மறுத்தால் நீங்களே எடுக்கலாம், தெருவில் பத்து வீடு சேர்ந்தால் வாடகை தலைக்கு அதிகம் வராது. ரோட்டில் வைக்கக் கவுன்சில் பர்மிட் வேண்டும், பெரும்பாலும் ஸ்கிப் கம்பெனிக்காரரே வாங்கிக்கொடுப்பார். ஒரு சின்னச் சிக்கல்: நிறைய கம்பெனிகள் ஸ்கிப்பில் மெத்தை போட விடமாட்டார்கள், விட்டாலும் ஒரு மெத்தைக்கு இவ்வளவு என்று தனிக்காசு கேட்பார்கள். போன் செய்யும்போது முதலில் அதைக் கேட்டுவிடுங்கள்.