உளசமூக இயலாமையுள்ள இளைஞர்களோடு பணியாற்றுதல்: திருகோணமலை இளைஞர் பணியாளர்களின் கேள்விகளும் பதில்களும்

திருகோணமலை மாவட்டத்தின் இளைஞர் கழகங்களிலும் விளையாட்டுக் கழகங்களிலும் தொண்டு அமைப்புகளிலும் பணியாற்றுகின்றவர்கள் அனுப்பிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இத்தகைய பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதே பல காலமாக என் வேலை. இளைஞர்களை அடையாளங்காட்டக்கூடிய விவரங்களைக் கேள்விகளிலிருந்து நீக்கியிருக்கிறேன்.

கேள்வி (உப்புவெளி, இளைஞர் கழகத் தலைவர்): வணக்கம் அக்கா. மனநலப் பாதிப்பு என்றால் அது வைத்தியர் பார்க்க வேண்டிய விடயம் அல்லவா? எங்களைப் போன்றவர்களுக்கு எதற்காகப் பயிற்சி?

பதில்: நோய்க்கு மருந்து கொடுப்பது வைத்தியரின் வேலை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மருந்து எடுத்து ஓரளவு தேறிவிட்ட ஓர் இளைஞரை நினைத்துப் பாருங்கள் தம்பி. கிரிக்கெட் அணியிலிருந்து அவருடைய பெயர் எடுக்கப்பட்டுவிடுகிறது; அவர் வந்து உட்கார்ந்தவுடன் நண்பர்களின் பேச்சு நின்றுவிடுகிறது; வேலை கேட்டுப் போன கடையில், இவருக்கு ஏதோ வருத்தமாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இவற்றை எந்த மாத்திரையும் மாற்றாது. நீண்ட காலம் நிலைக்கும் மனப் பாதிப்பும் சுற்றத்தாரும் சமூகமும் போடும் இத்தகைய தடைகளும் ஒன்றுசேர்ந்து, மற்றவர்களைப் போல ஒருவர் பங்கெடுக்க முடியாமற் செய்யும்போதுதான் அது உளசமூக இயலாமையாகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2006 இல் ஏற்றுக்கொண்டதும் இலங்கை 2016 இல் உறுதிப்படுத்தியதுமான இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய சமவாயம் இந்தப் பார்வையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தடைகளில் பல நீங்கள் நடத்தும் கூட்டத்திலும் மைதானத்திலும் இருக்கின்றன. அவற்றை எடுக்கக்கூடியவர்களும் நீங்கள்தான். அதோடு, உளநலப் பாதிப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பும் அரைவாசி 18 வயதுக்கு முன்பும் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வீட்டுக்கு வெளியே அந்த மாற்றத்தை முதலில் காணக்கூடியவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியராகவோ உங்களைப் போன்ற ஒருவராகவோ இருப்பார்.

கேள்வி (மூதூர், தொண்டு அமைப்பொன்றின் நிகழ்ச்சி இணைப்பாளர்): எங்கள் பணியாளர்களுக்கு ஒரு நாள் செயலமர்வு நடத்த நிதி கிடைத்திருக்கிறது. அதில் என்னென்ன நோய்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கலாம்?

பதில்: நோய்களின் பெயர்ப் பட்டியலோடு தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே நாளில் மனச்சோர்வு, மனச்சிதைவு, இருதுருவ நோய் என்று அறிகுறிகளை வரிசையாகக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள், மறுநாளே கழகத்தில் உள்ள பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஒருவருக்கு என்ன நோய் என்று தெரியாமலேயே அவருக்குத் துணையாக நிற்க முடியும். அவர் உறங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, முன்பு விரும்பிச் செய்தவற்றை விட்டுவிட்டாரா, யாரோடு பேசுகிறார், எதற்கு அஞ்சுகிறார் என்று கவனிக்கத் தெரிந்தால் அதுவே பெரிய காரியம்.

பேரிடர் காலத்துக்கான உளவியல் முதலுதவிக்கென உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட கையேடு பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்ற மூன்று செயல்களை முன்வைக்கிறது. அன்றாட இளைஞர் பணிக்கும் அந்த ஒழுங்கு பொருந்தும்; இடைமறிக்காமலும் புத்தி சொல்லாமலும் ஒருவர் பேசுவதைக் கேட்கப் பழகுவதற்கே பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை ஒதுக்குவேன். கிடைத்த நிதியை அந்த ஒரே நாளில் செலவிட்டுவிடாமல் சிறு பகுதிகளாகப் பிரித்து, மாதம் ஒரு முறை பணியாளர்கள் கூடி, தாம் சந்தித்த சிக்கலொன்றைப் பெயர் குறிப்பிடாமல் பேசி, அனுபவமுள்ள ஒருவரிடம் வழி கேட்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். பயிற்சி உண்மையில் நடப்பது அந்தக் கூட்டங்களில்தான்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். உளசமூக இயலாமையோடு வாழும் ஒருவர் பயிற்சியின் வளவாளராக இருக்க வேண்டும்; மற்ற வளவாளர்களுக்குக் கொடுக்கும் அதே கொடுப்பனவு அவருக்கும் வழங்கப்பட வேண்டும். சில பயிற்சிகளில், காதில் ஒலிக்கும் குரல்கள் எப்படியிருக்கும் என்று காட்டுவதற்காக, ஒருவரை அமரவைத்து இன்னொருவர் அவருடைய காதருகே ஓயாமல் எதையாவது வாசித்துக்கொண்டிருக்கும் செய்முறை உண்டு. அது இரக்கத்தை வளர்த்தாலும், அத்தகையோரிடமிருந்து விலகியிருக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் கூட்டக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால் நான் அதை விட்டுவிட்டேன். குரல்கள் கேட்கும்போதே கணக்கு எழுதும் வேலைக்குப் போய்வருகிற ஒருவர் முன்னால் வந்து பேசினால், அந்த அறையில் இருப்பவர்கள் வேறொன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்.

கேள்வி (குச்சவெளி, இளைஞர் கழகச் செயலாளர்): எங்கள் கழகத்துத் தங்கச்சி ஒருவர் "இனி நான் இருந்து என்ன" என்று சொன்னார். அதைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே ஊட்டிவிடுவேனோ என்று பயந்து பேச்சை மாற்றிவிட்டேன். என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: கேட்டிருக்க வேண்டும், இன்றைக்கே போய்க் கேளுங்கள். தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. பலருக்கு, யாராவது கேட்கமாட்டார்களா என்ற தவிப்புத்தான் இருக்கிறது.

பயிற்சியில் பங்குபற்றுபவர்களை இருவர் இருவராக அமரவைத்து, "செத்துப்போக வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு வருகிறதா?" என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்கச் சொல்வேன். முதல் தடவை பெரும்பாலானவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பார்கள். சிலர் "அப்படியெல்லாம் ஒன்றும் யோசிக்கவில்லைத்தானே?" என்று, இல்லை என்ற பதிலைக் கேள்வியிலேயே வைத்துக் கேட்பார்கள். அப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவர் இல்லை என்றுதான் சொல்வார். குரல் நடுங்காமல், முகத்தைப் பார்த்து, பதில் வரும்வரை பொறுத்திருக்கும் அளவுக்கு அந்த ஒரு வாக்கியம் பழக வேண்டும்.

ஆம் என்று சொன்னால் அதிர்ச்சி காட்டாதீர்கள். பெற்றோரை நினைத்துப் பார், கடவுள் தந்த உயிர் என்றெல்லாம் உபதேசிக்கவும் வேண்டாம். எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். வயல் செய்யும் வீடுகளில் பூச்சிகொல்லி இருக்கும். அதைப் பூட்டி வைக்கவோ வேறு வீட்டுக்கு மாற்றவோ குடும்பத்தில் நம்பக்கூடிய ஒருவரோடு பேசுங்கள். இது சின்ன விடயம் அல்ல. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய நஞ்சுள்ள பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின்னர், அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. உயிரை மாய்க்கும் உந்துதல் பல வேளைகளில் சிறிது நேரமே நீடிக்கும். அந்த நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்தால் ஓர் உயிர் தப்பிவிடுகிறது.

எவரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "உங்கள் உயிருக்கு ஆபத்து என்றால் நான் உதவி தேடத்தான் வேண்டும், யாரிடம் சொல்வது என்பதை நாம் சேர்ந்தே முடிவுசெய்வோம்" என்று சொல்லுங்கள். அவரைத் தனியே விடாமல், வைத்தியசாலைக்கு நீங்களே கூடப் போங்கள். நள்ளிரவானாலும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். பொலிஸ் வழக்கு வரும் என்று அஞ்சி மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சி 1998 இலிருந்து இந்நாட்டில் குற்றம் அல்ல என்பதை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

கேள்வி (கிண்ணியா, தொண்டர்): அஸ்ஸலாமு அலைக்கும் மிஸ். மருந்து எடுத்துவரும் ஒரு தம்பி நோன்பு பிடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். தடுப்பதா?

பதில்: வஅலைக்கும் ஸலாம். நீங்கள் தடுக்கவும் வேண்டாம், அனுமதிக்கவும் வேண்டாம். ரமழான் தொடங்கும் முன்பே அவரை அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய், நோன்பு பிடிக்க விரும்புகிறார் என்பதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சில மருந்துகளை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றிவிடலாம். இருதுருவ நோய்க்குக் கொடுக்கப்படும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்களுக்கோ, உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி ஆபத்து நேரலாம் என்பதால் வைத்தியர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். மார்க்கத்தில் நோயாளிக்குச் சலுகை இருக்கிறது. அவர் மதிக்கும் மௌலவி ஒருவர் அதை எடுத்துச் சொன்னால், ஊரோடு சேர்ந்து நோன்பு பிடிக்க முடியவில்லையே என்ற குற்றவுணர்வு குறையும். இஃப்தார் ஏற்பாட்டில் அவருக்கும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள்.

கேள்வி (சம்பூர், விளையாட்டுக் கழகப் பயிற்றுநர்): ஒருவர் காலைப் பயிற்சிக்குப் பிந்தித்தான் வருகிறார், வந்தாலும் சோம்பலாகவே நிற்கிறார். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாமா?

பதில்: முதலில் தனியே கேளுங்கள். இரவில் எடுக்கும் மருந்தின் மயக்கம் காலை எட்டு, ஒன்பது மணிவரை நீடிப்பது வழமை. கை நடுங்குவது, வாய் உலர்வது, உடல் எடை கூடுவது, ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிப்பது எல்லாமே மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். பார்ப்பவர்களுக்கு அவை சோம்பலாகவோ குடித்திருப்பதாகவோ தெரியும். பயிற்சியை மாலைக்கு மாற்றினால் அணியில் எவருக்கும் நட்டமில்லை.

வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் போட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். சில மருந்துகள் வியர்ப்பதைக் குறைப்பதால் உடலின் சூடு தணியாது. லித்தியம் பற்றி மேலே சொன்னேன். கழகத்தில் எல்லோருக்கும் சேர்த்தே நிழலும் தண்ணீரும் இடைவேளையும் ஏற்பாடு செய்தால் எவரையும் தனியே சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. லித்தியம் எடுக்கும் ஒருவருக்கு நடுக்கம் கடுமையாகி, வாந்தி வந்து, நடை தள்ளாடிப் பேச்சும் குழறினால், உறங்கவிடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி (தம்பலகாமம், கழக உறுப்பினர்): வீட்டார் செய்வினை என்று சொல்லிக் கோயில் கோயிலாக அழைத்துப் போகிறார்கள். அது மூடநம்பிக்கை என்று அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: புரியவைக்கப் போனால் அடுத்த முறை உங்களுக்கு வாசற்கதவு திறக்காது. நேர்த்தி வைப்பதும் நூல் கட்டுவதும் அந்தத் தாய்க்குத் தெம்பைத் தருகின்றன. கோயிலும் நடக்கட்டும், கிளினிக்கும் நடக்கட்டும் என்று சொல்லுங்கள். கட்டிவைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது, மருந்தை நிறுத்துவது ஆகிய நான்கில் எதற்கும் இணங்கிப்போகாதீர்கள். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவரானால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அறிவிப்பது உங்கள் கடமை.

கேள்வி (திருகோணமலை நகர், இளைஞர் பணியாளர்): ஒருவருக்கு உதவி வேண்டும் என்று எங்கள் பணியாளர்களின் வட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அவர் கோபித்துக்கொண்டு கழகத்தை விட்டுப் போய்விட்டார். பணியாளர்கள் மட்டும்தானே குழுவில் இருக்கிறார்கள்?

பதில்: அவருடைய கோபம் நியாயமானது. சிற்றூர்களில் ஒரு வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால், அக்காவின் கல்யாணப் பேச்சுவரைக்கும் அது போகும். நேரில் சென்று மன்னிப்புக் கேட்டு, பதிவை நீக்கிவிட்டதைச் சொல்லுங்கள். இனிமேல் எவரைப் பற்றியும், அவருடைய சம்மதத்தோடு, தேவையான ஒருவரிடம், தேவையான அளவு மட்டுமே பேசுவது என்பதைக் கழகத்தின் விதியாக்குங்கள். வருகைப் பதிவேட்டில் நோயின் பெயர் எக்காரணத்துக்காகவும் எழுதப்படக்கூடாது.

கேள்வி (ஈச்சிலம்பற்று, தொண்டர்): கிளினிக்குக்கு அழைத்துப் போனால் வைத்தியர் சிங்களத்தில் பேசுகிறார், நான்தான் மொழிபெயர்க்கிறேன். சரியா?

பதில்: அந்த இளைஞர் சம்மதித்தால் செய்யலாம், ஆனால் உங்கள் முன்னால் சொல்ல விரும்பாத விடயங்களும் அவருக்கு இருக்கும் என்பதால், தமிழ் தெரிந்த தாதியோ உத்தியோகத்தரோ இருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி; கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. மொழிபெயர்க்க நேர்ந்தால் அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், உங்கள் அபிப்பிராயத்தைக் கலக்காதீர்கள். அடுத்த திகதியைக் கிளினிக் கொப்பியில் பார்த்து, பஸ் காசுக்கு வழி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் மருந்தை விட்டுவிடுவதற்கு அந்தக் காசே காரணமாகிறது.

கேள்வி (வெருகல், இளைஞர் பணியாளர்): 2006 இல் இடம்பெயர்ந்தபோது நான் சிறுபிள்ளை. இளைஞர்களின் கதைகளைக் கேட்டுவிட்டு வந்தால் இரவில் எனக்கே உறக்கம் வருவதில்லை.

பதில்: அப்படியானால் சில காலம் கேட்கும் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு பணியைச் செய்யுங்கள், உறக்கமின்மை தொடர்ந்தால் உளவளத்துணையாளர் ஒருவரைப் பாருங்கள். சுனாமியையும் போரையும் கண்ட இந்த மாவட்டத்தில் உங்களைப் போன்ற பணியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கேள்வி (நிலாவெளி, கழகத் தலைவர்): வைத்தியசாலையில் இருந்து திரும்பிய உறுப்பினர் ஒருவர் மீண்டும் கழகத்துக்கு வர விரும்புகிறார். எப்படி வரவேற்பது?

பதில்: வரவேற்பு விழா எதுவும் வேண்டாம். அவருக்குப் பிடித்த ஓரிரு நண்பர்கள் முதலில் வீட்டுக்குப் போய், மற்றவர்களிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக்கூடாது என்று அவரிடமே கேட்கட்டும். கழகத்துக்கு உண்மையாகவே தேவைப்படும், செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள். இரக்கத்துக்காக உருவாக்கிய பதவியை அவர் உடனே கண்டுகொள்வார். களைத்தால் பாதியில் போகலாம் என்பதை முதலிலேயே சொல்லிவைத்தால் ஒவ்வொரு முறையும் அவர் காரணம் சொல்ல வேண்டியிராது.

அவர் நலமாக இருக்கும்போதே ஒரு தாளில் சில விடயங்களை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: நிலைமை மோசமாகப் போகிறது என்பதை எவற்றால் அறியலாம், அப்போது யாரை அழைக்க வேண்டும், எது அவரை ஆறுதற்படுத்தும், எதை எவரும் செய்யக்கூடாது. தாள் அவரிடமே இருக்கட்டும்; பிரதி யாருக்கு என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது அவரோடு அமர்ந்து அதைத் திருத்துங்கள். தொலைபேசி இலக்கங்களும் மருந்துகளும் சில வேளைகளில் நண்பர்களும் மாறியிருப்பார்கள்.