கவ்விச் சுற்றினால் அது கோபமில்லை, பசி

வணக்கம். இரைக்காக உறைந்த எலியை வெந்நீரில் இளக வைத்த கையோடு தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கப் போனீர்கள், உங்கள் பால் பைத்தான் (ball python, வீட்டில் வளர்க்கும் ஒரு மலைப்பாம்பு வகை) கையைக் கவ்விச் சுற்றிக்கொண்டது, முரடாகிவிட்டதோ, யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுத்துவிடாதீர்கள்.

பயந்த பாம்பு கொத்திவிட்டு உடனே விலகும். பிடித்துச் சுற்றினால் கையை இரை என்று நினைத்திருக்கிறது. அதன் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. எலி வாசம் வீசும் சூடான கை அதற்கு எலிதான்.

இனி இரை கொடுக்கும் நாளில் நீளமான இடுக்கியைப் பயன்படுத்துங்கள். சோப்புப் போட்டுக் கழுவாத கை உள்ளே போகவே வேண்டாம். மற்ற நாட்களில் தூக்கும் முன் சுருட்டிய காகிதத்தால் உடம்பை மெல்லத் தொடுங்கள். இது சாப்பாட்டு நேரமில்லை என்று போகப்போகப் பழகிவிடும். வேறு பெட்டிக்கு மாற்றி இரை கொடுக்கச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, பசியோடிருக்கும் பாம்பை அல்லவா கையால் தூக்க வேண்டிவரும்! தின்றபின் 2 நாளும், கண் மங்கிச் சட்டை உரிக்கும் சமயத்திலும் தொடாதீர்கள்.

மறுபடி கவ்வினால் இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை. தோல் கிழியும், பல் உடைந்து உள்ளே தங்கும். தலைமேல் குளிர்ந்த நீரை மெதுவாக விட்டு, வால் பக்கமிருந்து சுற்றைப் பிரியுங்கள்.

விஷமில்லைதான். ஆனால் டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். காயம் சிவந்து வீங்கினால் அன்றே காட்டுங்கள்.