மைக் ஸ்டாண்டு ஏன் தலைகுனிகிறது?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஐயா, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வீட்டில் மேஜை முன் உட்கார்ந்து சிறுவர் கதைகளை வாசித்துப் பதிவு செய்கிறேன். மைக் ரோட் என்டி1-ஏ. ஆன்லைனில் வாங்கிய பூம் ஸ்டாண்டு, பதிவு தொடங்கிக் கால் மணி நேரத்தில் மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடுகிறது. போன வாரம் மொத்தமாகவே சாய்ந்தது; நல்லவேளை, பேரன் ஓடிவந்து பிடித்துவிட்டான். அவன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான், அதையும் பதிவு செய்ய ஆசை. உறுதியான ஸ்டாண்டு என்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?"

நீங்கள் சொல்லியிருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். மைக் இறங்குவது, பூம் எனப்படும் குறுக்குக் கம்பி நடுக்கம்பியோடு சேரும் மூட்டின் கோளாறு. ஸ்டாண்டு சாய்வது அடியின் கோளாறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு கடைக்குப் போனால், "இது ஹெவி மாடல் சார்" என்று சொல்லி விற்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் சாயாது, ஆனால் இறங்கும். அல்லது இறங்காது, ஆனால் சாயும்.

முதலில் இறங்கும் கதை. உங்கள் மைக் 326 கிராம்தான். ஆனால் பூமின் நுனியில் தொங்குவது மைக் மட்டும் இல்லையே. அதிர்வைத் தடுக்கும் பிடிப்பான ஷாக் மவுண்ட், மூச்சுக்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர், கேபிளின் தலைப்பக்கம் எல்லாம் சேர்கின்றன. சமையலறைத் தராசில் அத்தனையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கணக்குக்கு 800 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பூம் 60 சென்டிமீட்டர் நீண்டிருந்தால், அந்த 800 கிராமும் மூட்டின் மேல் 48 கிலோ-சென்டிமீட்டர் திருப்பு விசையாக உட்காருகிறது. பூமை 30 சென்டிமீட்டராகக் குறைத்தால் அது பாதியாகிவிடும். குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். மைக்கின் எடையை விட அது எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பதுதான் மூட்டைக் கொல்கிறது.

மலிவு ஸ்டாண்டுகளில் அந்த மூட்டுக்குள் என்ன இருக்கிறது? கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு பிளாஸ்டிக் வில்லைகள், நடுவில் ஒரு ரப்பர் அல்லது ஃபைபர் வாஷர், குறுக்கே ஒரு போல்ட்டு. அவ்வளவுதான். இறுக்கும்போது பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் அழுந்தி விட்டுக்கொடுக்கும். இன்னும் இறுக்கினால் மரை தேயும், அல்லது கைப்பிடி உடைந்து கையோடு வரும். நல்ல ஸ்டாண்டில் இந்தத் தலைப்பகுதி வார்த்த உலோகம். ஜெர்மனியின் வெர்த்ஹைம் ஊரில் 1949 முதல் ஸ்டாண்டுகள் செய்துவரும் கோனிக் அண்ட் மேயரின் நடுத்தர மாடல்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும்: கால்கள் சேரும் அடிப்பகுதியே துத்தநாக வார்ப்பு, மொத்த எடை 3 கிலோவைச் சுற்றி வரும். அதையே வாங்குங்கள் என்று சொல்லவில்லை, விலை அதிகம். ஆனால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டால், மற்றதை எடை போட ஒரு அளவுகோல் கிடைத்துவிடும்.

புதிது வாங்கும் முன், இப்போது இருப்பதிலேயே ஒரு வேலை செய்து பாருங்கள். பூமை இறுக்கும் அந்தத் திருகுக் கைப்பிடி உங்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரி நில்லுங்கள். மைக் இருக்கும் நுனி உங்களுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மைக் கீழே இறங்கப் பார்க்கும்போது பூம் கடிகார முள் திசையில் சுற்றும்; திருகு இறுகுவதும் அதே திசைதான். ஆக, எடை தானாகவே திருகை இறுக்கப் பார்க்கும். மைக் இடப்பக்கம் இருந்தால் அதே எடை திருகைத் தளர்த்தும். நிறையப் பேர் ஸ்டாண்டைத் திட்டிக்கொண்டிருப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். எல்லா மாடலிலும் இது வேலை செய்யும் என்று சொல்ல முடியாது, ஆனால் செலவு இல்லாத வைத்தியம் இது.

அடுத்தது எதிர் எடை. பூமின் பின்பக்கம் 20 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால், முன்பக்கத்து 800 கிராமை முழுதாகச் சமன் செய்ய அங்கே 2.4 கிலோ வேண்டும். அவ்வளவு கட்ட வேண்டியதில்லை. கெட்டித் துணிப்பையில் 1.2 கிலோ மணலைக் கட்டித் தொங்கவிட்டாலே மூட்டின் பாரம் பாதியாகிவிடும். ஒன்று மட்டும் கவனம்: இப்போது உயரத்தை இறுக்கும் க்ளட்ச் கூடுதலாக 1.2 கிலோவைத் தாங்க வேண்டும். அது ஏற்கெனவே வழுக்குகிறது என்றால் இந்த வழி வேண்டாம்.

இனி சாய்வது. இது கொஞ்சம் கணக்கு, ஆனால் பொறுமையாகப் படித்தால் காசு மிச்சம். மூன்று கால் ஸ்டாண்டு சாயும்போது ஒரு காலின் மேல் சாய்வதில்லை. இரண்டு கால் நுனிகளை இணைக்கும் கோட்டின் மேல் சாயும். நடுக்கம்பியிலிருந்து ஒவ்வொரு கால் நுனியும் 30 சென்டிமீட்டர் என்றால், அந்தக் கோடு நடுக்கம்பியிலிருந்து 15 சென்டிமீட்டரில்தான் இருக்கும், சரியாகப் பாதி. ஸ்டாண்டு 2 கிலோ, பூம் நுனியில் 800 கிராம், 60 சென்டிமீட்டர் தள்ளி. பூம் இரண்டு கால்களுக்கு நடுவே நீண்டிருந்தால்: கவிழ்க்கும் பக்கம் 45 சென்டிமீட்டர் பெருக்கல் 0.8, அதாவது 36. தாங்கும் பக்கம் 15 பெருக்கல் 2, அதாவது 30. முடிந்தது, சாயும். அதே பூமை ஒரு காலுக்கு நேர் மேலே திருப்புங்கள். கவிழ்க்கும் பக்கம் 30 பெருக்கல் 0.8, அதாவது 24. தாங்கும் பக்கம் 30 பெருக்கல் 2, அதாவது 60. அதே ஸ்டாண்டு, அதே மைக், அசையாது. பூம் கம்பியின் எடையை இதில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் முதல் கணக்கு இன்னும் மோசமாகும். பக்கவாட்டில் யாராவது இடித்தால் அது வேறு விஷயம், ஆனால் தானாகச் சாயாது. உங்கள் ஸ்டாண்டு போன வாரம் சாய்ந்தபோது பூமுக்கு அடியில் கால் இருந்திருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

சரி, புதிதாக என்ன வாங்கலாம்? என் பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். கதை வாசிக்க உங்களுக்குப் பூமே வேண்டாம். மேஜை இருப்பதால்தான் பூம் தேவைப்படுகிறது. அதைத் தாண்டி மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவர வேறு வழி இல்லை. அந்த மேஜையை ஒதுக்கிவிடுங்கள். நாற்காலியில் உட்காருங்கள், முன்னால் தரையில் நேர் ஸ்டாண்டு. கதைத்தாளை மைக்குக்குச் சற்றுத் தள்ளி, பாட்டுக்காரர்கள் வைத்திருக்கும் நோட்டு ஸ்டாண்டில் வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்திருப்பவரின் வாய் தரையிலிருந்து 110 முதல் 120 சென்டிமீட்டரில் இருக்கும். எந்த நேர் ஸ்டாண்டும் அந்த உயரத்துக்குச் சுலபமாக வரும். என்டி1-ஏ பக்கவாட்டில் பேச வேண்டிய மைக் என்பதால் நேர்க்கம்பியின் மேல் நிமிர்ந்து நிற்க அதற்கு ஒரு சிரமமும் இல்லை. தங்கப் புள்ளி இருக்கும் பக்கம் உங்களைப் பார்க்கட்டும். இதில் ஒரு லாபம் கூட உண்டு: மேஜைப் பலகையில் பட்டுத் திரும்பும் குரல் மைக்குக்குள் போய்ச் சொற்களைக் கலங்கடிப்பது நின்றுவிடும். வித்தியாசம் முதல் வரியிலேயே கேட்கும்.

நேர் ஸ்டாண்டில் வட்ட அடி வாங்குங்கள். வார்ப்பிரும்பு அடி, விட்டம் 25 சென்டிமீட்டர், எடை 4 கிலோவுக்கு மேல். மேடைக் கச்சேரிகளிலும் கோயில் திருவிழாக்களிலும் மைக்செட்காரர்கள் இன்றைக்கும் வைத்திருக்கிறார்களே, அதே வகைதான். பார்க்க நாகரிகமாக இருக்காது. கால் நீட்டிக்கொண்டிருக்காது என்பதால் பேரன் ஓடிவரும்போது தடுக்கி விழும் வாய்ப்பும் குறைவு. இந்த அடியில் நீளமான பூம் மாட்டும் ஆசை மட்டும் வேண்டாம். 4.5 கிலோ ஸ்டாண்டு, 12.5 சென்டிமீட்டர் ஆரம்: தாங்கும் பக்கம் 56. அதே 800 கிராமை 60 சென்டிமீட்டரில் நீட்டினால் கவிழ்க்கும் பக்கம் 38. நிற்கும், ஆனால் ஒருவர் கேபிளை இழுத்தால் போதும்.

கடையில் சோதிப்பது எப்படி என்று கேட்பீர்கள். சென்னைக்கு வந்தால் ரிச்சி தெருவில் வரிசையாக வைத்திருப்பார்கள். கும்பகோணத்திலேயே மைக்செட் வாடகைக்கு விடுபவரைக் கேட்டாலும் சொல்வார். பூம் ஸ்டாண்டு என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், அது ஏறத்தாழ 1 கிலோ. பூமைக் கிடைமட்டமாக முழுதும் நீட்டி, ஒரு கால் அதற்கு அடியில் வரும்படி வைத்து, நுனியில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, பின்னால் சுவரில் நுனியின் உயரத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, கடைக்காரரோடு பேசிக்கொண்டிருங்கள். பத்து நிமிடத்தில் கோட்டுக்குக் கீழே இறங்கினால் வேண்டாம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். அப்புறம் கம்பியைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள், உயரத்தை இறுக்கும் க்ளட்ச் வழுக்கக் கூடாது. கால்கள் ஒன்றுசேரும் இடம் பிளாஸ்டிக்காக இருந்தால் முதலில் விரிசல் விடுவது அங்கேதான். ஆன்லைனில் வாங்குவதானால் படத்தை நம்பாதீர்கள், எடையைப் பாருங்கள். பூம் ஸ்டாண்டு 2 கிலோவுக்கும் கீழே என்று போட்டிருந்தால் உங்கள் மைக்குக்கு அது லாயக்கில்லை.

மேஜையில் கவ்விப் பிடிக்கும் ஸ்பிரிங் கை வாங்கலாமா என்ற யோசனை வரும், யூடியூபில் எல்லாரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அதிலும் எடைதான் பேச்சு. ரோடின் பிஎஸ்ஏ1 கையை எடுத்துக்கொண்டால், அது 700 கிராம் முதல் 1.1 கிலோ வரைக்கும் செய்யப்பட்டது. ஷ்யூர் எஸ்எம்7பி போல 765 கிராம் மைக் அதில் அம்சமாக உட்காரும். இலேசான மைக்கை மாட்டினால் ஸ்பிரிங் அதை மேலே தூக்கிக்கொண்டு போகும். உங்களுக்கு ஷாக் மவுண்டோடு சேர்ந்து எடை சரியாக வரலாம். ஆனால் மேஜையில் கை பட்டாலும் தாள் புரட்டினாலும் அந்த அதிர்வு கம்பி வழியாக ஏறிவிடும். கதை வாசிப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதிர்வைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் டைல்ஸ் அல்லது மொசைக் தரை. பக்கத்து அறையில் கிரைண்டர் ஓடினால் அது தரை வழியாக ஸ்டாண்டில் ஏறும். உங்கள் மைக்கின் ஷாக் மவுண்ட் அதில் பெரும்பகுதியைத் தடுக்கும், முழுதும் அல்ல. ஸ்டாண்டுக்கு அடியில் ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போடுங்கள். கால் ரப்பர்கள் விழுந்துவிட்டிருந்தால் ஹார்டுவேர் கடையில் நாற்காலிக் கால் புஷ் கேளுங்கள், அளவு பார்த்துக் கொடுப்பார்கள். மீதி உறுமலை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். என்டி1-ஏயில் அதற்கான சுவிட்ச் கிடையாது, ஆகவே பதிவு மென்பொருளில்தான் செய்ய வேண்டும். கேபிளைக் கம்பியோடு ஒரு வெல்க்ரோ பட்டையால் கட்டி, மைக்குக்குக் கீழே சின்னதாக ஒரு வளையம் விட்டுவிடுங்கள். யாராவது கேபிளைத் தட்டினால் இழுப்பு அந்தப் பட்டையோடு நின்றுவிடும்.

பேரனுக்கு வருவோம். மிருதங்கத்துக்கு இந்த நேர் ஸ்டாண்டு உதவாது. உயரமான ஸ்டாண்டுகளின் குறைந்தபட்ச உயரமே 90 சென்டிமீட்டரைச் சுற்றி இருக்கும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிப்பவருக்கு அது தலைக்கு மேல். குட்டையான பூம் ஸ்டாண்டு தனியாக விற்கிறார்கள். மேற்கத்திய டிரம்ஸின் அடி டிரம்முக்கும் கிடார் ஆம்ப்ளிஃபயருக்கும் முன்னால் வைப்பது. கம்பி 40 முதல் 60 சென்டிமீட்டர், பூமும் சின்னது. மூட்டுக்கு வரும் பாரம் குறைவு என்பதால் இதில் நடுத்தர விலை ஸ்டாண்டே போதும். காசை வட்ட அடி ஸ்டாண்டில் போடுங்கள். ஒரே மைக் என்றால் மிருதங்கத்துக்கு நேர் முன்னால், சற்றே மேலே, அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி வைத்துத் தொடங்குங்கள். வலது முகமான வலந்தலையின் சொற்கள் மட்டும் தூக்கலாகக் கேட்டால் இடது முகமான தொப்பிப் பக்கம் நான்கு விரற்கடை நகர்த்துங்கள். கதைக்குப் போட்ட 80 ஹெர்ட்ஸ் வெட்டை இதற்கு எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தொப்பியின் கும்காரம் மெலிந்துபோகும். தரையில் விரிக்கும் துணி அவனுக்கும் ஸ்டாண்டுக்கும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரே விரிப்பில் இரண்டும் இருந்தால் அவன் முழங்கால் தாளம் போடுவதெல்லாம் பதிவாகும்.

கடைசியாக மரை. மைக் மாட்டும் இடத்தில் இரண்டு அளவு புழக்கத்தில் உண்டு: 5/8 அங்குலம், 3/8 அங்குலம். ஷாக் மவுண்டின் அடியில் இருப்பது ஒன்று, ஸ்டாண்டின் நுனியில் இருப்பது வேறொன்று என்று அமைந்துவிடும். இரண்டையும் இணைக்க விரல் நுனியளவு பித்தளை அடாப்டர் ஒன்று விற்கிறது, விலை சொற்பம். நல்ல ஸ்டாண்டுகளோடு கூடவே வரும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதன் தலையில் ஒரு வெட்டு இருக்கும், பழைய ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் திருகி இறுக்கலாம். கையால் மட்டும் சுற்றி விட்டால் மைக்கைக் கழற்றும்போதெல்லாம் அதுவும் கூடவே கழன்று ஷாக் மவுண்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். ஸ்டாண்டு வாங்கப் போகும்போது ஷாக் மவுண்டையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.